அடிமனை கோயிலுக்கு, வீடு மட்டும் விற்பனைக்கு: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு மெத்தை வீடு விலைக்கு வருகிறது. மனை 1,200 சதுர அடி, கோயிலுக்குச் சொந்தம். வீட்டைக் கட்டியவர் விற்பவருடைய தாத்தா. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். வீட்டு வரியும் மின் இணைப்பும் விற்பவர் பெயரில் உள்ளன. அடிமனை வாடகை ரசீது மட்டும் இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. கடைசி ரசீது இரண்டு ஆண்டுக்கு முந்தையது. குத்தகைச் சீட்டு என்று முத்திரைத் தாளில் எழுதிய ஒன்றின் நகலைக் காட்டினார்கள், அது பதிவு செய்யப்படாதது. 28 லட்சம் கேட்கிறார்கள். பட்டா மனையோடு இதே அளவு வீடு பக்கத்துத் தெருவில் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. "பத்திரம் போட்டுவிடலாம், இத்தனை வருட அனுபவம் இருப்பதால் நிலத்தையே கோர்ட் மூலம் வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது" என்கிறார் தரகர். ஒரு லட்சம் முன்பணம் வங்கி வழியாகக் கொடுத்து, நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதிவிட்டேன். மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்குமா? மேற்கொண்டு போகலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் போகாதீர்கள். மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்கள் பெயரைக் குத்தகைதாரராக ஏற்று, தகுதியுள்ள அதிகாரி எழுத்தில் உத்தரவு தந்த பிறகுதான் இந்தச் சொத்தைப் பற்றிப் பேச்சே. அந்த உத்தரவு வந்தாலும் 28 லட்சம் இதன் விலையாகாது. ஏன் என்று சொல்கிறேன்.

குத்தகை மனை என்றாலே ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. சிங்கப்பூரில் வீட்டு வசதி வாரிய வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில்தான் விற்கப்படுகின்றன. சீனாவில் குடியிருப்பு நிலத்தின் பயன்பாட்டு உரிமை 70 ஆண்டு. நம் சிப்காட் தொழிற்பேட்டைகளில் ஆலைக்காரர்கள் கோடிக்கணக்கில் முதலீடு போடுவது 99 ஆண்டுக் குத்தகை மனையில். அங்கெல்லாம் நிலம் ஒருவரிடம், அதை அனுபவிக்கும் உரிமை இன்னொருவரிடம் எனப் பிரிந்து நின்றும் விற்பனையும் அடமானமும் நடக்கின்றன. காரணம் எளிது: உரிமை எந்தத் தேதியில் முடியும், அதைக் கைமாற்ற யாருடைய சம்மதம் வேண்டும், முடிந்தபின் கட்டடம் யாருக்கு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறது. உங்களுக்குக் காட்டிய வீட்டில் மூன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் வாங்கப்போவது நிலம் அல்ல, காலமும் அனுமதியும். அந்த இரண்டும் விற்பவரிடம் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் காலம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 107இன்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த ஆவணமாக இருந்தே தீர வேண்டும். பதிவு செய்யாத சீட்டில் 30 ஆண்டு, 50 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அந்தக் கெடுவை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. உடைமை எப்படி வந்தது என்பது போன்ற துணை விஷயத்துக்கு மட்டும் அந்தத் தாள் உதவும். வாடகை வாங்கியிருக்கிறார்கள் என்பதால் அது மாதக் குத்தகையாகக் கருதப்படும். பொதுச் சட்டப்படி மாதக் குத்தகையை 15 நாள் அறிவிப்பில் முடித்துவிடலாம்.

கோயில் நிலத்துக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், பிரிவு 34இன்படி, கோயில் சொத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதானால் அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் தரப்பட்ட நீண்டகாலக் குத்தகை செல்லாது. செயல் அலுவலரோ அறங்காவலரோ கையெழுத்துப் போட்டிருப்பது போதாது. ஆக, "மூன்று தலைமுறை" என்பது குடியிருந்த காலக்கணக்கு; அதில் இனிமேல் இருக்கக்கூடிய காலம் எதுவும் அடங்கியிருக்கவில்லை.

அடுத்தது அனுமதி. சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108(ஜே)படி, ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால் குத்தகைதாரர் தன் உரிமையை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உள்குத்தகைக்கும் விடலாம். தரகர்கள் இந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கோயில் குத்தகைகளில் கைமாற்றத் தடை நிபந்தனையாகவே இருக்கும். புதிதாகக் குத்தகைக்கு விடுவதற்குப் பொது ஏலம்தான் விதி. பழைய குடியிருப்பாளரையோ அவரிடமிருந்து வாங்கியவரையோ வாடகைதாரராக வரன்முறை செய்வது நிர்வாகத்தின் முடிவு. உரிமையாகக் கோரிப் பெற முடியாது. விற்பவர் அதற்கு உத்தரவாதம் தர இயலாது, ஏனென்றால் அது அவர் கையில் இல்லை.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ரசீதுதான். தாத்தா பெயரில் ரசீது வருகிறது என்றால் கோயில் பதிவேட்டில் விற்பவர் வாடகைதாரரே அல்ல. குத்தகை உரிமை வாரிசுகளுக்கு இறங்கும், ஆனால் எல்லா வாரிசுகளுக்கும் சேர்த்தே இறங்கும். தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், இறந்தவர்களின் வாரிசுகள் யார் என்று வாரிசுச் சான்றிதழ்களை வைத்துக் கிளை கிளையாக எழுதிப் பாருங்கள். ஒரு அத்தை கையெழுத்து விட்டுப்போனாலும் கட்டடத்தில் அவர் பங்கு விற்கப்படாமலே நிற்கும்.

மூல ரசீதுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள், நகல் வேண்டாம். தலைப்பில் "வாடகை" என்று இருக்கிறதா, "பயன்பாட்டு இழப்பீடு" என்ற வகையில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா? பழைய ரசீதுகளில் வாடகை என்றும் புதியவற்றில் இழப்பீடு என்றும் இருந்தால், இடையில் ஒரு நாள் குத்தகையை ரத்து செய்திருக்கிறார்கள் என்று பொருள். ரத்துக்குப் பிறகு வாடகையாக வாங்கினால் குத்தகை தொடர்வதாக வாதம் வந்துவிடும் என்பதால்தான் நிர்வாகம் தலைப்பை மாற்றும். அதேபோல் "மாதம்" என்ற கட்டத்தைப் பாருங்கள். ரசீது தேதி அண்மையதாக இருக்கும், ஆனால் செலுத்திய தொகை பல ஆண்டுக்கு முந்தைய நிலுவைக்காக இருக்கும். இரண்டு ஆண்டாக ரசீதே இல்லை என்றால், அவர்கள் கட்டவில்லையா, கோயில் வாங்க மறுத்ததா என்று கேளுங்கள். இரண்டாவது காரணமானால் விவகாரம் ஏற்கெனவே நடவடிக்கைக்குப் போயிருக்கக்கூடும்.

அந்த நடவடிக்கை எங்கே நடக்கும் என்பதிலும் கவனம் தேவை. குத்தகை முடிந்தோ ரத்தாகியோ அதற்குப் பிறகும் தங்கியிருப்பவரை அறநிலையச் சட்டத்தின் பிரிவு 78 ஆக்கிரமிப்பாளராகக் கருதுகிறது. துறையின் இணை ஆணையரே விசாரித்து வெளியேற்ற உத்தரவிடலாம். இது சிவில் நீதிமன்ற வழக்கு அல்ல. ஆகவே இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்து "வழக்கு எதுவும் இல்லை" என்று நிம்மதியடைந்தால் ஏமாந்துபோவீர்கள். வில்லங்கச் சான்றிலும் அது ஏறியிருக்காது.

"கோர்ட் மூலம் நிலத்தையே வாங்கலாம்" என்று தரகர் சொல்வது 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை. அப்படி ஒரு சட்டம் இருப்பது உண்மை. பிறர் நிலத்தில் வீடு கட்டிய பழைய குத்தகைதாரரைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், பிரிவு 3 அவருக்குக் கட்டடத்தின் மதிப்பை ஈடாகப் பெறும் உரிமை தருகிறது. பிரிவு 9இன்படி, சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனு போட்டால், வசதியாகக் குடியிருக்கத் தேவையான குறைந்த அளவு நிலத்தை மட்டும் விற்கும்படி நில உரிமையாளருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். விலை, உத்தரவுக்கு முந்தைய மூன்று ஆண்டுச் சந்தை மதிப்பின் சராசரி. ஆனால் 1996இல் வந்த திருத்தம் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்தை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியார் நிலமாக இருந்தாலும்கூட, குறிப்பிட்ட தேதிகளுக்கு முன் தொடங்கிய குத்தகைகளுக்குத்தான் இது பொருந்தும். உங்கள் வீட்டுக்கு இந்தக் கதவு மூடியாகிவிட்டது.

நெடுநாள் அனுபவத்தால் நிலம் நமதாகும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. குத்தகைதாரர் அனுமதியோடு இருப்பவர், எதிரிடையாக அனுபவித்தவர் அல்ல. மேலும் கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று அறநிலையச் சட்டத்தின் பிரிவு 109 சொல்கிறது. 12 ஆண்டு, 30 ஆண்டு, 60 ஆண்டு எதுவும் உதவாது.

இன்னொரு யோசனையும் உங்களிடம் சொல்லப்படலாம்: "யூ.டி.ஆர். (நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம்) பதிவில் தாத்தா பெயர் இருக்கிறது, நிலமே எங்களுடையது என்று வழக்குப் போட்டுவிடலாம்." இதற்கு உடன்படாதீர்கள். அந்த நில அளவைப் பதிவுகளில் தவறான பெயர் ஏறியது பல ஊர்களில் நடந்திருக்கிறது. பட்டாவில் பெயர் இருப்பது மட்டுமே உரிமை மூலம் ஆகாது. அதோடு, வாடகை கட்டி வந்தவர் திடீரென்று நிலம் தன்னுடையது என்று வாதிட்டால், நில உரிமையாளரின் உரிமையை மறுத்த குற்றத்துக்காகக் குத்தகையே பறிபோகும். சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 111(ஜி) அதற்கு இடம் தருகிறது. கையில் இருக்கும் கொஞ்சமும் போய்விடும்.

வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு எல்லாம் குடியிருப்பதற்கான அடையாளம், அவ்வளவே.

பத்திரப் பதிவுக்கு வருவோம். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த பிரிவு 22-ஏ, சமய நிறுவனச் சொத்தைக் கையாளும் ஆவணங்களை உரிய அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று சார்பதிவாளரைக் கட்டுப்படுத்துகிறது. இதைச் சுற்றிப்போக மூன்று வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, "கட்டடம் மட்டும்" என்று கிரயம். இரண்டு, பவர் பத்திரம். மூன்று, பதிவே இல்லாமல் நோட்டரி ஒப்பந்தமும் சாவியும். சட்டப்படி நிலமும் கட்டடமும் வேறு வேறு ஆள்களுக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்பதால் முதல் வழியில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் அதில் உங்களுக்குக் கிடைப்பது செங்கலும் சிமென்ட்டும். அது நிற்கும் இடத்தில் இருக்கும் உரிமை கூடவே வராது. குத்தகை முடிந்து வெளியேறும் முன் கட்டியதைப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 108(எச்) சொல்கிறது. காங்கிரீட் மெத்தையில் பெயர்த்தெடுக்க என்ன இருக்கிறது? பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் காலாவதியாகும். மூன்றாவது வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வங்கிக் கடன் இதற்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை உரிமையை அடமானம் வைக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வங்கி கேட்பது பதிவு செய்த குத்தகைப் பத்திரம், நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், கடன் தவணை முடிந்த பின்னும் நீளும் குத்தகைக் காலம். உங்களிடம் மூன்றும் இல்லை. வங்கி மறுக்கும் சொத்துக்கு வெளியே யாராவது கூடுதல் வட்டியில் கடன் தர முன்வந்தால், அவர் உங்கள் வேறு சொத்தையோ சம்பளத்தையோ பார்த்துத்தான் தருகிறார்.

விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 12,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அடிமனை வாடகை, வரி, பராமரிப்பு என 3,000 போனால் மீதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000. குத்தகை 5 ஆண்டு உறுதி என்றால், வட்டியே கணக்கில் எடுக்காமல் கூட்டினாலும் 5,40,000 ரூபாய்தான். 8 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு சுமார் 4,31,000. 10 ஆண்டு உறுதியானால் சுமார் 7,25,000. 35 ஆண்டுக்குச் சுமார் 12,59,000. வாடகை ஆண்டுதோறும் ஏறும் என்று சேர்த்தால், நீண்ட காலக் கணக்கு நன்றாகவே உயரும். 5 ஆண்டுக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. பட்டா வீட்டின் பாதி விலை என்று பார்க்கும்போது மலிவாகத் தெரிவது, காலத்தால் அளந்தால் பல மடங்கு கூடுதல் விலையாக நிற்கிறது.

அடிமனை வாடகை இன்றைக்குக் கட்டுவதிலேயே நிற்காது. அறநிலையச் சட்டம், பிரிவு 34-ஏபடி இணை ஆணையர், கோயில் தரப்பு, உதவி ஆணையர், மாவட்டப் பதிவாளர் அடங்கிய குழு, சந்தை வாடகையைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும். பல ஆண்டாகத் திருத்தாமல் விட்ட இடங்களில் முன்தேதியிட்டு உயர்த்தி, நிலுவை என்று ஒரே கேட்பாக வரும்போது குடும்பங்கள் திணறிப்போகின்றன. தொகை அதிகம் என்று தோன்றினால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். விற்பவர் அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தால் சுமை அப்படியே அடுத்தவர் தலையில் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த இடம் உங்களுக்கு அவசியம் என்றால், வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலும் எடுத்து, சர்வே எண், விஸ்தீரணம், கோயில் பெயர் மூன்றையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். பிறகு அறநிலையத் துறை உதவி ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். "விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். அந்த சர்வே எண்ணுக்குப் பதிவேட்டில் வாடகைதாரர் யார், குத்தகைக் காலம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஆணையர் ஒப்புதல் உத்தரவின் எண் என்ன, கேட்பு-வசூல்-நிலுவைப் பதிவேட்டில் நிலுவை எவ்வளவு, ரத்து அறிவிப்போ பிரிவு 78 நடவடிக்கையோ உண்டா என ஐந்தாகப் பிரித்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பதில் சுத்தமாக இருந்தால் மட்டும் அடுத்த கட்டம். எல்லா வாரிசுகளும் சேர்ந்து நிலுவையைத் தீர்த்து, தங்கள் உரிமையைக் கோயிலிடம் ஒப்படைப்பதாகவும், உங்கள் பெயரில் குத்தகை தருவதில் ஆட்சேபம் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் மேல் நிர்வாகம் ஏலத்துக்குத்தான் போவோம் என்று சொன்னால் நீங்கள் விலகிக்கொள்ளலாம். உங்களை ஏற்று உத்தரவு வந்து, உங்கள் பெயரில் குத்தகைப் பத்திரம் பதிவான அன்றைக்குத்தான் விற்பவருக்குக் கட்டடத்தின் விலை. அந்த விலையைக் கட்டடப் பொறியாளர் தேய்மானம் கழித்துச் சொல்லட்டும், தரகர் சொல்ல வேண்டாம்.

உங்களைப் போலவே தனியார் அடிமனை வீடுகளை யோசிக்கும் வாசகர்கள் பலர் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே பதிவு செய்த பத்திரம் இருந்தால் நேராகப் புதுப்பித்தல் பத்திக்குப் போங்கள். குத்தகைதாரர் கேட்டால் உரிமையாளர் புதுப்பித்துத் தர வேண்டும் என்று இருக்கிறதா, இருவரும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறதா? பின்னது வெறும் நல்வாக்கு, அதை வைத்து வழக்காட முடியாது. முன்னதாக இருந்தாலும், கெடு முடிய இத்தனை மாதம் முன்பு எழுத்தில் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் உரிமை போனதுதான். வாடகை பாக்கிக்காகக் குத்தகையை ரத்து செய்தால், விசாரணையின்போது பாக்கி, வட்டி, செலவு மூன்றையும் கட்டிக் காப்பாற்றிக்கொள்ளச் சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 114 வழி விடுகிறது. இது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்பதால் அதை நம்பி பாக்கி வைக்க வேண்டாம். முத்திரைக் கட்டணம் 30 ஆண்டுவரை, 99 ஆண்டுவரை, அதற்கு மேல் எனப் படிப்படியாக ஏறுகிறது. பணத்தை மிச்சம் பிடிக்கக் காலத்தைக் குறைத்து எழுதினால், குறைத்தது உங்கள் சொத்தைத்தான்.

கடைசியாக உங்கள் ஒரு லட்சம். பணம் வங்கி வழியாகப் போயிருப்பது நல்லது. ஒப்பந்தத்தின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும். "முதல் தவணை", "கூடுதல் முன்பணம்" என்று எதற்கும் இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள். விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்), ஒப்புகையோடு, விற்பவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: கோயிலின் எழுத்து அனுமதியையும் எல்லா வாரிசுகளின் சம்மதத்தையும் 60 நாளுக்குள் பெற்றுத் தர வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அனுமதி இல்லாமல் நிறைவேற்ற முடியாத ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால், பெற்ற பணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 65 கட்டாயப்படுத்துகிறது. பண வசூல் வழக்குக்குக் கெடு மூன்று ஆண்டு. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, 60 நாள் கழிந்ததும் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அஞ்சல் ஒப்புகையையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.